நரிக்குப் போட்ட கிளுவை வேலி

நரியை நான் ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் ஏழு வயதில் அதை நினைத்தாலே எனக்கு ஈரக்குலை நடுங்கும். திருச்செங்கோட்டுப் பக்கம், ஊரை விட்டுத் தள்ளி, தோட்டத்துக்குள் தனி வீடு எங்களுடையது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் அப்பாவுக்கு வேலை. வடக்கே போனால் திரும்ப மாதக்கணக்காகும். அதுவரை அம்மாவும் நானும் நாலு ஆடுகளும்தான்.

எண்பதுகளில் ஓர் ஆடி மாதம். வடக்கே மழை பிடித்து ரிக் வேலை நின்றதால் ஊர் திரும்பியிருந்த அப்பா ஒரு புங்கங்கன்றோடு வந்தார். வாசலில் நட்டுவிட்டால் போதும், தண்ணீர்கூட அதிகம் கேட்காது, தானாக வளர்ந்து நிழல் தரும் என்று அதற்கு ஏகப்பட்ட புகழ்ச்சி. அம்மா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"நெழலு இருந்தா கண்டவனெல்லாம் வந்து உக்காருவான். எனக்குக் கிளுவப் போத்து நட்டு வேலி போட்டுக் குடுத்துட்டுப் போங்க. நரி வருது."

முள்ளுச் செடிக்கு இப்படி அடம்பிடிக்கிற பொம்பளையைப் பார்த்ததே இல்லை என்று அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நரி என்ற சொல்லே போதுமாக இருந்தது, அன்றிரவு சோறு இறங்கவில்லை.

மறுநாள் அப்பா சந்தைக்குப் போயிருந்தார். உச்சிப்பொழுதில் ஆடுகள் திடீரென்று கத்தின. வெளியே எட்டிப் பார்த்த அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டாள். ஒரு கையில் அரிவாள். மறு கையால் என் வாயைப் பொத்தினாள்.

"நரிங்களாம்மா?" என்றேன், அந்தக் கைக்குள்ளேயே.

"ஆமா சாமி. சத்தம் போடாத."

பட்டப்பகலில் நரி வருமா, வந்தாலும் கதவைத் தட்டுமா என்றெல்லாம் கேட்கும் புத்தி எனக்கு எங்கே இருந்தது! கதவு தடதடத்தபோது பாவாடையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டேன்.

சத்தம் ஓய்ந்த பிறகு சன்னல் இடுக்கில் பார்த்தேன். துண்டை உதறித் தோளில் போட்டபடி வரப்பில் போய்க்கொண்டிருந்தார் பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே! அவரைக் கூப்பிட வாயெடுத்தேன். அம்மா கிள்ளிய கிள்ளில் தொடை கன்றிப்போனது. அவள்மேல் எனக்குப் பொல்லாத கோபம்.

சாயங்காலம் அப்பா வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன்: "மத்தியானம் நரி வந்து கதவத் தட்டுச்சுங்கப்பா. பெரியப்பாதான் வந்து வெரட்டி உட்டாரு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா நிமிரவே இல்லை. காப்பித் தம்ளரைக் கீழே வைத்தவர், கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பக்கத்துக் காட்டு வேலியில் கிளுவைப் போத்துகளை வெட்டி வந்து இருட்டும் வரை நெருக்கி நெருக்கி ஊன்றினார். அம்மா அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்தாள். கேட்ட வேலி கிடைத்த பிறகு எதற்கு அழுகிறாளோ என்று நினைத்தேன். எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது.

"பெரியப்பா வர்றதுக்கு மட்டும் ஒரு சந்து உடுங்கப்பா," என்றேன். "நீங்க போயிட்டா எங்களுக்கு யாருங்க தொணை?"