லோறன்ஸ் ஐயாவின் வெறும் கடல்

படகுக்கு அடிக்கிற நீலப் பெயின்ற் டின்னைத் திறந்ததும் முதலில் மோந்து பார்க்கிறார் லோரென்சோ. பிறகு விரலால் தொட்டு, இடது முழங்கைக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, கையைக் கடலுக்கு நேரே நீட்டி ஒத்துப் பார்க்கிறார். சரிவராவிட்டால் இத்தாலிய மொழியில் திட்டு விழுவது கடலுக்குத்தான், பெயின்றுக்கு அல்ல.

அவருக்கு எழுபத்தொரு வயது. பேசாலை என்ற இந்த மீனவர் ஊர் அவரை லோறன்ஸ் ஐயா ஆக்கிவிட்டது. வந்த புதிதில், இத்தாலியிலிருந்து வந்த வெள்ளைக்காரர் சாமியாராகத்தான் இருப்பார் என்று புது வலையை மந்திரிக்கக் கொண்டுவந்துவிட்டார்கள். என்னவென்று விளங்காமலே தலையாட்டியிருக்கிறார். அந்த வலையில் நல்ல மீன் பட்டுத் தொலைத்தது. தான் வெறும் ஓவியர் என்று ஊரை நம்பவைக்க ஒரு வருடம் பிடித்ததாம்.

ஜெனோவாவில் ஓவியக் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். நாற்பது வருடமாக வெறும் சுவர், வெறும் கதவு, வெறும் கடல். மருந்துக்கும் ஒரு மனிதத் தலை கிடையாது. ஏன் என்று கேட்டேன்.

"ஆள் வந்தால் எல்லாரும் ஆளைத்தான் பாப்பினம். கடல் போயிடும்."

இந்தத் தமிழ் அன்ரோனெற்றிடம் படித்தது. வீட்டின் வெளியறையை வாடகைக்குத் தந்து, சோறும் போடுகிறவர் அவர்தான். கணவர் சந்தியோகு கடலுக்குப் போகிறவர். வள்ளமில்லாத கடலை எந்த மீனவன் மனைவி ரசிப்பாள்? அறையைக் கூட்டும்போது அன்ரோனெற் படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார். ஐயா மறுபடி நேராக்குவார். ஆறு வருடமாக இது சண்டையில்லாமல் நடக்கிறது.

போன கார்த்திகையில் சந்தியோகுவின் வள்ளம் வரவில்லை. வாசகர் பதற வேண்டாம், எஞ்சின் பழுதாகி, மூன்றாம் நாள் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார்கள். ஆனால் இரண்டாம் நாள் நான் அங்கே போனபோது அது யாருக்கும் தெரியாது. தேடிப்போன வள்ளங்களும் திரும்பவில்லை. முற்றத்தில் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

லோரென்சோ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று வருடம் உழைத்து, ஜெனோவாக் கண்காட்சிக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்த பெரிய படத்தோடு ஒரு மணிநேரம் கழித்து வெளியே வந்தார். அதன் நட்ட நடுக்கடலில் இப்போது பெயின்ற் காயாத சின்ன வள்ளம் ஒன்று. அந்த மனிதரால் வேறென்னதான் செய்ய முடியும்?

அன்ரோனெற் செபமாலையை மடியில் வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது போற வள்ளம், ஐயா. முன் அணியம் வெளிக்கடலைப் பாத்துக்கொண்டு நிக்குது."

லோரென்சோ படத்தைப் பார்த்தார். துணி தேடவில்லை. உள்ளங்கையாலேயே வள்ளத்தை வழித்து அழித்துவிட்டு, மண்ணில் முழங்காலிட்டு, முன்பக்கம் கரையைப் பார்க்க அதை மறுபடி வரையத் தொடங்கினார்.