ராகு காலத்துக்கும் வாடகை

மந்தைவெளியில் அப்பா விட்டுப்போன அரை கிரவுண்டு மனை எனக்கும் அண்ணனுக்கும் பொது. பழைய வீட்டை இடித்த பிறகு ஒன்றும் கட்டாமல் அப்படியே கிடந்தது. எருக்கும் ஆமணக்கும் ஆளுயரம் வளர்ந்துவிட்டன. தெருவில் யார் வீட்டில் குளியலறை மாற்றினாலும் உடைந்த டைல்ஸ் எங்கள் சுவரைத் தாண்டி வந்து விழும். ஆனி மாதத்தில் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் என் போனுக்கு ஒரு பாம்புச் சட்டையின் படத்தை அனுப்பினார். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

அண்ணன் தி.நகரில் இருக்கிறார். நான் கோட்டூர்புரத்தில் இருப்பவன், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் மனையைச் சுத்தம் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. செலவு ஆளுக்குப் பாதி. "ஆடி போகட்டும், அப்புறம் கை வைக்கலாம்" என்றார் அண்ணன். ஆடி போனது. நடுவில் பெய்த மழையில் செடிகள் இன்னும் ஒரு முழம் ஏறின.

எனக்குப் பாம்பைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. அம்மா காலமான வருடம், அந்த வீட்டுக்குக் கடைசியாக வெள்ளையடித்த செலவில் பாதியை அண்ணனிடம் கேட்டேன். சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்த கூடத்தில் அவர் சிரித்துக்கொண்டே, "இதுல உனக்கு எவ்வளவுடா நின்னுது?" என்று கேட்டார். நடுவில் நான் காசு அடித்தேனாம். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரு கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வைத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்தோம். அதன் பிறகு எங்களுக்குள் வந்த முதல் பணக் காரியம் இந்த மனைதான். அந்தக் கேள்வி மறுபடி வரக் கூடாது என்பது மட்டுமே என் கவலை.

சுத்தம் செய்யப் பிடித்த காண்ட்ராக்டருக்கு வண்டி ஷெட் தரமணியில். போனிலேயே பேசி முடித்தோம். ஜேசிபிக்கு மணிக்கு இவ்வளவு, குப்பை அள்ளும் லாரிக்கு நடைக்கு இவ்வளவு, டிரைவர் பேட்டா தனி. எதையும் எழுதி வாங்கவில்லை. ஆவணியில் முதல் சனிக்கிழமை என்று முடிவானது. அன்றைய திதி, நட்சத்திரம் எல்லாம் பார்த்துத்தான் சொன்னேன். நான் நாள் பார்க்கிறவன். நேரம் பார்க்கத் தவறிவிட்டேன்.

காலை ஒன்பதுக்கு வண்டி வந்து நின்றது. வந்துவிட்டது என்று அண்ணனுக்குச் சொல்லலாமே என்று போன் செய்தேன்.

"இன்னிக்கு சனிக்கிழமைடா. ஒம்போதுலேர்ந்து பத்தரை ராகு காலம். மண்ணைத் தொடாதே."

"ஆளுங்க வந்துட்டாங்கண்ணா."

"வந்தா உக்காரட்டும். நம்ம ரெண்டு பேர் எடம். ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

டிரைவரிடம் தயங்கிச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் இன்ஜினை அணைத்துவிட்டு டீக்கடைக்குப் போனார். இன்ஜின் ஓடாத நேரத்துக்கு வாடகை இருக்காது என்று நானாக நினைத்துக்கொண்டேன். பத்தரைக்குத் தொடங்கிய வேலை, சாப்பாட்டு நேரம் போக ஐந்து மணி நேரத்தில் முடிந்தது. நாலு மணிக்கு மனையில் சிவப்பு மண்ணும் பழைய கிணற்றின் உறையும் தெரிந்தன.

மறுநாள் பில் வந்தது. லாரி நடை சரியாக இருந்தது, பேட்டாவும் சரி. ஜேசிபிக்கு மட்டும் எட்டு மணி நேரம். காண்ட்ராக்டரைக் கூப்பிட்டேன்.

"ஷெட்டுக்கு ஷெட்டு சார் கணக்கு. கெளம்புனதுலேர்ந்து திரும்புற வரைக்கும். வண்டி இன்னா பறந்தா வந்துச்சு? ஊரே அப்டிதான் ஓடிக்கினு கீது."

"அதைப் பேசும்போது சொல்லலையே?"

"நீங்க கேக்கலயே சார்."

"போக வர ஒன்றரை மணின்னாகூட ஆறரைதானே வருது?"

"நிக்க சொன்னீங்கோல்ல, அது யார் கணக்கு? வண்டி நின்னாலும் வாடகை நிக்காது சார். அந்த நேரத்துல அடையார்ல ஒரு சைட்டு முடிச்சிருப்பேன்."

ஒரு வாரம் இப்படியே போனது. அவர் காலையில் கூப்பிடுவார், நான் எடுப்பேன், அதே பேச்சை இருவரும் முதலிலிருந்து பேசுவோம். எனக்குச் சோர்வாகிவிட்டது. கூடுதல் மூன்று மணி நேரத்தை நானே கொடுத்துவிட்டு அண்ணனிடம் ஐந்து என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அவர் எங்காவது விசாரித்து எண்கள் ஒத்துப்போகாவிட்டால் அது இன்னும் மோசம். எட்டு என்று சொன்னால் அந்தப் பழைய கேள்வி. ராகு காலத்தால்தான் ஏறியது என்றால் பழியை அவர்மேல் போடுகிறேன் என்பார். கடைசியில் பில்லை அப்படியே அவருக்கு அனுப்பி, நடந்ததையும் சொல்லிவிட்டேன்.

"அவனை மந்தைவெளிக்கு வரச் சொல்லு. நானும் வரேன்" என்றார்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் மூவரும் நின்றோம். அண்ணன் பில்லைக் கையில் எடுக்கவே இல்லை.

"ஏம்ப்பா, நீ ஒரு புது சைட்டை ராகு காலத்துல ஆரம்பிப்பியா?"

"அது எப்டி சார்? போன மாசம் வண்டிக்கு டயர் மாட்டவே நேரம் பார்த்தேன்."

"அப்போ நாங்க சொல்லாம இருந்தாலும் வண்டி பத்தரை வரைக்கும் நின்னிருக்கும்."

காண்ட்ராக்டர் டீ கிளாஸை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "சார் இன்னா, வக்கீலா?"

"பேங்க்ல இருந்தேன்."

"அதான் பார்த்தேன். சரி நைனா, நின்ன நேரத்துல பாதி நானு, பாதி நீங்கோ."

ஷெட்டிலிருந்து வந்த நேரம் எங்களுக்கு, திரும்பிப் போன நேரம் அவருக்கு என்று அதையும் அண்ணன் பிரித்தார். ஆறரை மணி நேரத்தில் வந்து நின்றது. ஐந்துக்கும் எட்டுக்கும் நட்ட நடு. முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம். இதற்குத்தான் ஒரு வாரம்.

அண்ணன் தன் பாதியை அங்கேயே போனில் அனுப்பினார். பிறகு தன் நம்பரைக் காண்ட்ராக்டரிடம் சொல்லி, "இனிமே எதுன்னாலும் எனக்குக் கூப்பிடு. என் தம்பிக்குக் காசு பேசவே வராது. யார் என்ன சொன்னாலும் தலையாட்டிட்டு வந்துடுவான்" என்றார்.

"சார் நல்ல மாதிரி" என்றார் காண்ட்ராக்டர் எனக்காக.

"அதைத்தான்பா சொல்றேன்" என்றார் அண்ணன்.

காசு பேசத் தெரியாதவன் காசை நிறுத்திக்கொள்ளவும் தெரியாதவன்தான். அவர் வாயாலேயே, ஒரு மூன்றாம் மனிதரை வைத்துக்கொண்டு, அந்தப் பழைய கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார். என் பாதியை அனுப்பிவிட்டு, மூன்று டீக்கும் நானே காசு கொடுத்தேன்.