ஒரு காய்ச்சல், இரண்டு கைராசி

போன செவ்வாய்க்கிழமை காலை. தோசைக்கு மேலே ஒரு முட்டை ஊற்றலாம் என்று என் தம்பி வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். முட்டை வைக்கிற குழிகளில் ஒரு முட்டைகூட இல்லை. வரிசையாக மருந்துக் குப்பிகள் நின்றுகொண்டிருந்தன.

தம்பி ஜெபினுக்கு உதியன்குளங்கரையில் வீடு. கூப்பிடு தூரத்தில்தான் நானும் இருக்கிறேன். அவன் மனைவி ஷைனிக்குப் பிறந்த வீடு மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், களியக்காவிளை தாண்டி. அவர்கள் பையன் ஏபலுக்கு இன்னும் ஒரு வயசு ஆகவில்லை. சனிக்கிழமையிலிருந்து அவனுக்குக் காய்ச்சல். அதற்குத்தான் இத்தனை குப்பிகள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் — கையில் கிடைத்த எதையும் படிப்பேன். பிஸ்கட் கவரைக்கூட விடமாட்டேன். ஒரு குப்பியை எடுத்துப் படித்தேன். அடுத்ததையும் படித்தேன். ஒன்று ஆரஞ்சு நிறம், மற்றது ரோஸ். பேர் வேறு, கம்பெனி வேறு. ஆனால் இரண்டிலும் கீழே பொடி எழுத்தில் இருந்தது ஒரே மருந்து... பாரசிட்டமால்.

"ஷைனி, இதுல நீ எதைக் குடுக்க?"

"ரெண்டும் குடுக்கேன் மைனி. இது நம்ம டாக்டரு தந்தது. அது எங்க அப்பா கொண்டு காட்டின டாக்டரு தந்தது."

அப்படியானால் ஒரே மருந்துதான் இரண்டு மடங்காகப் போயிருக்கிறது.

நடந்தது இதுதான். சனிக்கிழமை சாயங்காலம் ஜெபின் பிள்ளையை நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு டாக்டரிடம் காட்டினான். எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் கைராசி. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு ஷைனியின் அப்பா காரில் வந்தார். "பிள்ளைய நம்ம டாக்டரிட்ட ஒண்ணு காட்டிட்டு வாறேன்" என்று அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போனார். அவர்கள் குடும்பத்துக்கு அந்த டாக்டர்தான் கைராசி. வேண்டாம் என்று யார் சொல்வது? சம்பந்தி மனசு நோகுமே. 'நேற்றே ஒருத்தரிடம் காட்டினோம்' என்று அந்த டாக்டரிடம் யார் சொல்வது? அவர் மனசும் நோகுமே.

ஆக, யாரும் சொல்லவில்லை. ஒரு குப்பியை நிறுத்தினால் பிறந்த வீட்டுக்கு வருத்தம், மற்றதை நிறுத்தினால் எங்களுக்கு வருத்தம். ஷைனி பாவம், இரண்டு வீட்டுக்கும் நல்ல பிள்ளையாக இரண்டையும் மாறி மாறி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

யோசித்துப் பாருங்கள். டாக்டரிடம் நாக்கை நீட்டுவோம். சட்டையைக் கழற்றுவோம். வயிற்றுக்குள் நடக்கிறதெல்லாம் கூச்சமில்லாமல் சொல்வோம். முன்னால் பார்த்த டாக்டரின் சீட்டை மட்டும் பைக்குள் மடித்து வைத்துக்கொள்வோம். வேறு கடையில் சேலை எடுத்துவிட்டு, வழக்கமான கடைக்காரர் எதிரே வந்தால் கவரை முந்தானைக்குள் மறைப்போமே... அதே கூச்சம்தான்.

"பிள்ள எங்க?"

"உறங்குதான் மைனி. ராத்திரியிலேருந்து அழவே இல்ல. காய்ச்சல் கொறஞ்சிருக்கும்."

போய்ப் பார்த்தேன். அது உறக்கம் இல்லை. தூக்கினால் தலை தோளில் அப்படியே சரிந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. பால் குடித்து எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டேன். ஷைனி விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்; ஒரு கை விரல்கள் முடிந்துவிட்டன.

ஜெபின் காரை எடுத்தான். ஜங்ஷனில் மெயின் ரோட்டுக்கு வந்ததும் பிரேக் போட்டு நின்றுவிட்டான். ஒரு பக்கம் போனால் நெய்யாற்றின்கரை. மறுபக்கம் போனால் பாறசாலை, களியக்காவிளை.

"அக்கா, எங்கோட்டு?"

பின்னால் லாரிக்காரர் ஹாரனை அழுத்துகிறார். ஷைனியின் போனில் அவள் அப்பா, "இங்க கொண்டு வா மக்கா, டாக்டரிட்ட நான் சொல்லுதேன்" என்கிறார். ஜெபினோ, "நம்ம டாக்டரு சாயங்காலம்தானே பாப்பாரு..." என்று ஸ்டியரிங்கைப் பார்த்து முனகுகிறான். அவன் தலையில் ஒரு குட்டு வைக்க எனக்குக் கை துறுதுறுத்தது. மடியில் பிள்ளை வாடிக் கிடக்கிறான்... இவர்களுக்கு யாருடைய டாக்டர் என்பதுதான் கவலை!

ஷைனி போனை அணைத்தாள். "எது கிட்டவோ அங்க விடுங்க" என்றாள் கணவனிடம்.

விட்டான். கிட்டத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. பிள்ளையின் வயிற்றை மெல்ல அழுத்திக்கொண்டே மலையாளத்தில் கேட்டார்: "வேறெ எவிடெயெங்கிலும் காணிச்சோ?" வேறு எங்காவது காட்டினீர்களா என்று.

"இல்ல டாக்டர்" என்றான் ஜெபின்.

கேட்டீர்களா கதையை? அவன் பொய்யன் இல்லை. எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு வாய் தானாகச் சொல்லும் பதில் அது. நான் குறுக்கே பேச வாயைத் திறந்தேன். அதற்குள் ஷைனி தோள்பையிலிருந்து இரண்டு குப்பிகளையும் எடுத்து மேஜையில் வைத்துவிட்டாள்.

"ரெண்டு ஸ்தலத்து காணிச்சு டாக்டரே. ரெண்டு மருந்தும் கொடுத்து. ஞானாணு கொடுத்தது." இரண்டு இடத்தில் காட்டியதையும், இரண்டு மருந்தையும் கொடுத்தது தான்தான் என்பதையும் அவளே ஒப்புக்கொண்டாள்.

டாக்டரம்மாவின் மனசு நோகவில்லை. எவ்வளவு கொடுத்தாய், எப்போது கொடுத்தாய் என்று கேட்டார். பிள்ளையை எடை பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், டிரிப் போட்டார்கள். மருந்து அதிகமானால் கல்லீரலைப் பாதிக்கலாம், ரிசல்ட் வரட்டும் என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வராந்தாவில் நடந்தேன். டீ வாங்கினேன், குடிக்காமல் வைத்தேன். லேப் வாசலில் போய் நின்றேன், அங்கிருந்த பெண் என்னைத் துரத்தினாள்.

"மைனி, நானே எனக்க பிள்ளைக்கு..." என்று ஆரம்பித்தாள் ஷைனி.

"நீ மட்டும் இல்ல மக்கா. நாங்க எல்லாரும் உனக்க கையப் பிடிச்சு ஊத்த வச்சோம்" என்றேன். உண்மையும் அதுதானே?

மத்தியானத்துக்கு மேல் ரிசல்ட் வந்தது. கல்லீரலுக்கு ஒன்றும் இல்லை. உடம்பில் தண்ணீர் வற்றியதால்தான் அந்தச் சோர்வு. நர்ஸ் பிளாஸ்டரை மாற்ற வந்தபோது ஏபல் வீறிட்டு அழுதான். அந்த வார்டில் ஒரு குழந்தை அழுததற்குச் சந்தோஷப்பட்ட குடும்பம் நாங்கள் மட்டும்தான்.

சாயங்காலம் எங்கள் ஒற்றசேகரமங்கலத்து மாமி ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தார். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எங்க ஊருல ஒரு டாக்டரு உண்டு கேட்டியா. நல்ல கைராசிக்காரராக்கும். நாள பிள்ளைய அங்க ஒண்ணு காட்டுவோம். இங்க காட்டினதச் சொல்லாண்டாம்."

ஜெபின் என்னைப் பார்த்தான். நான் ஷைனியைப் பார்த்தேன்.

"காட்டலாம் மாமி" என்றாள் ஷைனி. "முதல்ல இந்த ரெண்டு குப்பியையும் இந்த ஆஸ்பத்திரிச் சீட்டையும் காட்டுவேன். அதப் பாத்த பெறவும் அவரு மனசு நோவலேன்னா, பிள்ளையக் காட்டுதேன்."

மாமி ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினார்.