இரும்புக்குப் பவுடர் பூசுகிறவர்

ஏழாம் நம்பர் கோல்ஃப் கோலின் இரும்பு முகத்தில் பவுடரைக் கொட்டி, கட்டை விரலால் சீராகத் தேய்த்துவிட்டு, மிச்சத்தை வாயால் ஊதுகிறார் பகலவன். பிறகு காலை அகட்டி நிற்கிறார். அறுப்பு முடிந்த வயல். செருப்பைத் தாண்டி நெல் தாள் குத்துகிறது. முன்னால் ஒரு வெள்ளைப் பந்து. ஒரே வீச்சு. பந்து இரண்டு வரப்பைத் தாண்டி விழுகிறது. உடனே கோலைத் தூக்கி, பவுடரில் பந்தின் தடம் எங்கே பதிந்திருக்கிறது என்று பார்க்கிறார். நடுவில் என்றால் ஒரு 'ம்'. ஓரத்தில் என்றால், "கழுத்துல அடிச்சிட்டியேடா, மடையா" என்று தனக்குத் தானே ஒரு திட்டு. லுங்கியில் துடைத்துவிட்டு மறுபடியும் பவுடர்.

பவுடர் அவர் மனைவி செந்தாமரையுடையது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் அவர். காலையில் வேலைக்குக் கிளம்பும்போதுதான் டப்பா காலி என்று தெரியவரும்.

"என் பவுடர்ல முக்காவாசி அந்த இரும்புக்குத்தான் போவுது. ஏன், அத யாராச்சும் பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"வர்றாங்கடி. பங்குனியில வர்றாங்க."

நாற்பதைத் தாண்டிய ஆள். குட்டை. முழங்கைக்குக் கீழே உலக்கை மாதிரி இருக்கும். வெயிலில் கறுத்த உடம்பில் இடது கை மட்டும் மணிக்கட்டுவரை வெளுத்திருக்கும். கோல்ஃப் ஆடுகிறவர்கள் அந்த ஒரு கைக்கு மட்டும் உறை போடுவார்களாம். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு மெல்ல இலையை நகர்த்துவார். பகலவன் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்லீங்க. இந்தக் கைக்கு மட்டும் நெழல்ல வேல" என்பார்.

தொழில் புல் வெட்டுவது. துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பல வருஷம் வெட்டினார். அங்கே சாயங்காலத்தில் வேலைக்காரர்களும் ஆடலாம் என்று ஒரு ஏற்பாடு இருந்ததால் ஆட்டத்தையும் கற்றுக்கொண்டார். திரும்பி வந்த பிறகு, வல்லத்தைத் தாண்டிச் செம்மண் மேட்டில் ஒரு தனியார் கிளப் போட்டிருக்கும் மைதானத்தில் அதே வேலை. எங்கே போனாலும் புல்லைப் பார்த்தால் குனிந்துவிடுவார். ஆஸ்பத்திரி வாசலில் ஒருமுறை, உள்ளே மாமனார் படுத்திருக்க, இவர் வெளியே உட்கார்ந்து புல்லைக் கிள்ளி முகர்ந்துகொண்டிருந்தார். "கொரியன் புல்லுண்ணே. பாக்க நல்லாருக்கும். ஆனா தண்ணி குடிச்சே ஆளக் கவுத்துரும்" என்றார் என்னிடம். மாமனார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "அவுரும் அதே ரகந்தான்" என்றார்.

எனக்குப் பாபநாசத்தில் வெல்டிங் பட்டறை. தை மாசக் கடைசியில் ஒரு நாள் சாக்கில் சுற்றி எட்டுக் கோல் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார். கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த ஒரு டாக்டர், முதுகுவலி வந்து ஆட்டத்தை விட்டவர், கொடுத்தாராம்.

"இத ஒரு நூல் சாய்க்கணும்ணே. மூக்கு தூக்கிக்கிட்டு நிக்கிது."

கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. அடித்துச் செய்த இரும்பு. வார்ப்பு என்றால் வளைக்கும்போது பட்டென்று போய்விடும். இது சொன்னபடி கேட்கும். ஆனால் தகடு மாதிரி இருந்தது. அவர் இதுவரை வைத்திருந்த கோல்கள் அப்படி இல்லை. முதுகில் பள்ளம், அடியில் அகலம். அவற்றை அவர் 'கரண்டி' என்பார். கரண்டியில் பந்து எந்த மூலையில் பட்டாலும் ஏறக்குறையப் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும். புதுசுக்கு அவர் வைத்த பெயர் 'கத்தி'. அதில் பந்து படவேண்டிய இடம் ஒரு பழைய எட்டணா அளவுதான். அதைவிட்டு விலகினால் பந்தும் போகாது, கையிலும் கரண்ட் அடித்த மாதிரி ஏறும்.

"கரண்டி நல்லாத்தானே இருக்கு? எதுக்குப்பா இது?" என்றேன்.

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். சித்திரையிலிருந்து புல் வெட்டும் வேலையைக் கிளப் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனிக்குக் கொடுக்கப்போகிறது. பழைய ஆட்கள் வெளியே. ஆனால் புதிதாக ஆடப் பழகுகிறவர்களுக்கு ஓர் உதவிப் பயிற்சியாளர் வேண்டும். கிளப் செயலாளர் பகலவனிடம், பங்குனியில் எங்கள் முன்னால் ஒரு ஆட்டம் ஆடிக்காட்டு, எண்பது அடிக்கு மேல் போகாமல் முடித்தால் வேலை உனக்கு என்று சொல்லிவிட்டார். இந்த ஆட்டத்தில் குறைவாக அடித்துப் பந்தைக் குழியில் போடுகிறவன்தான் கெட்டிக்காரன். எண்பதைத் தாண்டினால் வேலை வெளியூர் ஆளுக்கு. பகலவன் மறுபடியும் துபாய். ஏஜென்ட் வாரம் ஒருமுறை போன் பண்ணிக்கொண்டிருந்தார்.

"அதுக்குக் கரண்டியாலயே ஆடித் தொலையேன்யா!"

"கரண்டி பொய் சொல்லுதுண்ணே. தப்பா அடிச்சாலும் 'பரவால்ல, போ'ங்குது. என் தப்பு என்னன்னே எனக்குத் தெரியல. நாள பின்ன இன்னொருத்தன் தப்பு எப்புடித் தெரியும்?"

இரண்டு மாசம்கூட இல்லாத நேரத்தில் இது கொழுப்பு என்றுதான் எனக்குத் தோன்றியது. தோல் துண்டைச் சுற்றி வைஸ் இடுக்கியில் பிடித்து ஒவ்வொன்றாகச் சாய்த்துக் கொடுத்தேன்.

முதல் சில வாரம் பார்க்கச் சகிக்கவில்லை. நம்ம பக்கத்துக் களிமண் காய்ந்தால் சிமெண்ட். கத்தி பந்துக்கு அரை சாண் முன்னாலேயே தரையில் இறங்கிவிடும். மண் பெயர்ந்து பறக்கும். பந்து முயல் மாதிரி நாலு குதி குதித்துவிட்டு வெடிப்பில் விழுந்து ஒளிந்துகொள்ளும். கையைப் பிடித்துக்கொண்டு இவர் குந்திவிடுவார். இரவில் செந்தாமரை வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார், வாயையும் மூடாமல். "பேரீச்சம்பழக்காரன் வரட்டும். எட்டையும் தூக்கிப் போட்டு ஒரு கிலோ வாங்கிடறேன். பழமாவது இனிக்கும்."

அடுத்த வயல் கோவிந்தராசுக்குப் பொழுது போயிற்று. ஊரெல்லாம் உளுந்து தெளித்துப் பச்சை கட்டிக்கிடக்க, பகலவன் வயல் மட்டும் மொட்டையாகக் கிடந்ததில் அவருக்கு ஏற்கெனவே எரிச்சல்.

"ஏம்ப்பா பகலவா, வரப்பு வெட்டுறியா, பந்து அடிக்கிறியா? ஒண்ணு சொல்லிடு, நானும் ஒரு மம்பட்டி எடுத்தாறேன்."

கேலிதான். ஆனால் பகலவன் அப்படியே நின்றுவிட்டார். துபாய்க்குப் போகுமுன் அப்பாவோடு சேர்ந்து இதே கோவிந்தராசு வீட்டு வயலில் கூலிக்கு வரப்பு வெட்டிய கை அது. அந்த நிலத்தில் ஒரு துண்டைத்தான் பிறகு விலைக்கு வாங்கினார். தோளில் இருந்து இறங்கி மண்ணைத் தேடும் அந்த இழுப்பு இன்னும் போகவில்லை. கரண்டியின் அகலமான அடி தரையில் வழுக்கிக்கொண்டு அதை மறைத்துவந்தது. கத்தி காட்டிக்கொடுத்துவிட்டது.

"மம்பட்டி வேலயெல்லாம் எங்கப்பா ஒங்களுக்குச் செஞ்சு முடிச்சிட்டாருங்க" என்றார் பகலவன். கோபமில்லை, சிரித்த முகம்தான். "எனக்கும் அதேதான் ஒட்டிக்கிட்டிருக்குன்னு இப்பத்தான் தெரியுது. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு."

கோவிந்தராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் பகலவன் வயலில் சுண்ணாம்புத் தூளால் ஒரு நேர்கோடு கிழித்தார். பந்து கிடையாது. கோட்டை அடுத்து நின்று வீச வேண்டும். மண் கோட்டைத் தாண்டிப் பெயர்ந்தால் சரி, கோட்டுக்கு இந்தப் பக்கமே பெயர்ந்தால் தப்பு. கோடு கலைந்தால் இன்னொரு கோடு. இடது காலில் உடம்பை ஊன்றி, தோளைத் தூங்கவிட்டு, இடுப்பைத் திருப்பி ஓயாமல் வீச்சு. மாசி முடியும்போது வயலில் வெட்டுக்காயங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் நகர்ந்திருந்தன. நான் போய்ப் பார்த்தபோது பந்தை வைத்து அடித்துக் காட்டினார். ஓசையே வேறு. நல்ல எஃகில் சுத்தியல் சரியாக விழுந்தால் ஒரு சத்தம் வருமே, அது.

"கையில ஒண்ணுமே தெரியலண்ணே. அடிச்ச மாதிரியே இல்ல" என்றார். "ஒண்ணும் தெரியலேன்னா சரியா பட்டுருச்சுன்னு அர்த்தம்."

செந்தாமரைக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. ஆட்டத்துக்கு முதல் நாள் என் பட்டறைக்கே வந்துவிட்டார். "நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே. கரண்டியிலயே ஆடட்டும். இன்னொரு தடவ ஏர்போர்ட்டுக்கு வழியனுப்பப் போவ என்னால முடியாது." நான் சொல்லிப் பார்த்தேன். பகலவன் காதில் வாங்கவில்லை.

பங்குனி ஆட்டத்துக்குப் பை தூக்க நான் போனேன். ஒன்பது குழி, இரண்டு சுற்று. செயலாளர் கூடவே நடந்து அடிகளைக் குறித்துக்கொண்டார். முதல் இரண்டு குழியும் வழுவழுவென்று போயின. மூன்றாவதில் பைக்குள் கைவிட்ட பகலவன் எதையோ தொட்டு நின்றார். வெளியே எடுத்தார். கிழிந்த ஊதாப் புடவைத் துணி சுற்றிய கோல். கரண்டிதான். மற்றவற்றோடு உரசிச் சத்தம் வராமல் இருக்கத் துணி சுற்றி, அடியோடு அடியாகச் செருகி வைத்திருந்தார் செந்தாமரை. சமயத்தில் உதவட்டும் என்று.

பையில் பதினான்கு கோலுக்கு மேல் இருக்கக் கூடாதாம். பகலவனுடைய பை ஏற்கெனவே நிறைந்த பை. செயலாளர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. துணியை மூடி மறுபடி உள்ளே தள்ளியிருந்தால் யாருக்கும் தெரியாது. நான்கூட அதற்குத்தான் கை நீட்டினேன்.

"சார், பையில ஒண்ணு கூடுதலா இருக்குங்க" என்றார் பகலவன். "ரெண்டு குழி ஆடியாச்சு. குழிக்கு ரெண்டுன்னு நாலு அடி சேத்துக்கங்க."

"அத வச்சு அடிக்கலையே பகலவன்?"

"அடிக்கலீங்க. இருந்தாலே கணக்குதாங்க."

செயலாளர் நாலைச் சேர்த்து எழுதிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கோலைக் குளத்தில் வீசியிருப்பேன். பகலவன் அதை என் கையில் கொடுத்தார். "பத்திரமா புடிங்கண்ணே. பயந்துக்கிட்டு வச்சிருக்கா. வீட்டுல போயி ஒண்ணும் சொல்லிக்காதீங்க."

அதற்குப் பிறகு பகலவன் நாலு அடியைச் சுமந்துகொண்டு நடந்தார். ஓரிடத்தில் மணலில் சிக்கினார், ஓரிடத்தில் அருகே இருந்து தட்டியது குழியின் விளிம்பைத் தொட்டு நின்றுவிட்டது. மற்றபடி கத்தி சொன்னபடி கேட்டது. கடைசிக் குழிக்கு வந்தபோது செயலாளர் குறிப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நாலுல முடிச்சா சரியா எண்பது."

முதல் அடி நேராகப் போய்ப் புல்லில் நின்றது. அங்கிருந்து கொடி தெரிந்தது. இடையில் குளம். குளத்தில் விழுந்தால் துபாய். என் கையில் ஊதாத் துணி சுற்றிய கரண்டி இருந்தது. அது என்றால் கொஞ்சம் தவறிப் பட்டாலும் தாண்டிவிடும். பகலவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பையில் கைவிட்டு ஏழாம் நம்பர் கத்தியை உருவினார். இடது காலை ஊன்றினார். தோள் தூங்கியது. இடுப்பு திரும்பியது.

அந்தச் சத்தம் கேட்டது.

பந்து குளத்துக்கு மேல் உயர்ந்துகொண்டே போய், எதிர்க் கரையில் புல்லில் விழுந்து, ஒரு குதி குதித்து, கொடிக்கம்பத்துக்குக் கிட்டே நின்றது. அங்கிருந்து குழந்தைகூட இரண்டு தட்டில் போட்டுவிடும். நான் என்னை மறந்து கத்திவிட்டேன். செயலாளர் கை தட்டிக்கொண்டே கையை நீட்டியபடி வந்தார்.

பகலவன் நின்ற இடத்தில் இல்லை. கத்தி பெயர்த்து எறிந்த புல் பத்தையைத் தேடிப் பத்தடி தள்ளிப் போயிருந்தார். அதை வேரோடு இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து, காயத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, வேர் உள்ளே போகும்படி திருப்பி வைத்தார்.

"கங்கிராட்ஸ் பகலவன்! வாங்க, போய் முடிச்சிடலாம்."

"ஒரு நிமிஷம் சார். இப்ப வைக்கலேன்னா காஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு, நீட்டிய கையைப் பார்க்காமல், வெளுத்த இடது கையின் உறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு, அந்தப் பத்தையைச் சுற்றிலும் உள்ளங்கையால் அழுத்தத் தொடங்கினார்.