மூன்று மணி நேர விமானம்

கோயம்புத்தூரிலிருந்து நான் இருக்கும் பெங்களூருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். கோயம்புத்தூரில் தனியாக இருக்கும் அக்காவிடம் மட்டும் மூன்று மணி நேரம் என்று சொல்லி வைத்திருந்தேன். ஓரிடத்தில் தரிக்காத கால்கள் எனக்கு. சாப்பிட்ட கையோடு, "இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும்க்கா" என்று கிளம்ப ஒரு சாக்கு. அவளும் நம்பி, வழியில் பசிக்குமே என்று ஒவ்வொரு முறையும் புளிசாதம் கட்டித் தந்தாள்.

அறுபது வயதில் முதன்முறையாக விமானமேறி அக்கா என்னைப் பார்க்க வந்தாள். சொன்ன பொய் எனக்கே மறந்திருந்தது. விமான நிலையத்திலிருந்து வெளியே வந்தவளின் கையில் பிரிக்காத புளிசாதப் பொட்டலம்.

"ஏன் கண்ணு, இன்னைக்கு பைலட் ரொம்ப வேகமா ஓட்டிட்டாரா? பிரிக்கறதுக்குள்ள இறக்கி வுட்டுட்டாங்க!"

சிரித்தாள். கண்கள் மட்டும் என் முகத்திலேயே நின்றன. அவள் பையை வாங்கிக்கொண்டு டாக்சியைத் தேடினேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஹெப்பாள் மேம்பாலத்தில் டாக்சி நகரவே இல்லை. பொட்டலத்தைப் பிரித்து இருவரும் சாப்பிட்டோம். "மூணு மணி நேரம் ஆகறது காருக்குத்தான் போல இருக்குது" என்றாள். மிச்சத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

இப்போதெல்லாம் அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவரக் கடைசி விமானத்துக்குத்தான் டிக்கெட் எடுக்கிறேன். "நேரமாச்சு, கிளம்பு சாமி" என்று அவள்தான் விரட்டுகிறாள். புளிசாதம் மட்டும் இன்னும் மூன்று மணி நேரப் பசிக்குத்தான் கட்டித் தருகிறாள்.