தங்கச்சியின் சிலுவையைத் தேய்த்தவர்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு மரவேலைப் பட்டறையில்தான் அந்த அம்மாவைச் சந்தித்தேன். ஐம்பது வயதிருக்கும். இமைகளில்கூட மரத்தூள் படிந்திருந்தது. மெஷின் எழுத்து வெட்டித் தரும் பலகைகளில் பிசிறுகளைச் சாண்ட் பேப்பரால் தேய்த்து எடுப்பது அவர் வேலை. தேய்த்து முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, எழுத்தின் பள்ளத்தில் சுண்டுவிரலை ஓட்டிப் பார்ப்பார்.

நான் கல்லறைச் சிலுவை ஒன்றுக்காகக் காத்திருந்தேன்.

"ஆருக்கு தம்பி இது?"

"என்ர தங்கச்சிக்கு."

அவர் கை நின்றது. சாண்ட் பேப்பரில் ஒரு துண்டு கிழித்து என்னிடம் நீட்டினார்.

"பேரை நீங்களே தேயுங்கோ. மெல்லமாத் தேய்ச்சாப் போதும்."

செத்தவீட்டில் கோயில், பெட்டி, சாப்பாடு என்று ஓடித்திரிந்ததில் எனக்கு அழ நேரமிருக்கவில்லை. இப்போது அவள் பெயரின் முதலெழுத்தைத் தேய்த்து முடிப்பதற்குள் விம்மல் வெடித்தது. பட்டறையில் இன்னும் நாலைந்து ஆண்கள் நின்றார்கள்.

அந்த அம்மா பலகை தேய்க்கும் கைமெஷின் ஒன்றை எடுத்து ஓடவிட்டார். அந்த இரைச்சலில் என் அழுகை எவருக்கும் கேட்டிருக்காது. வெகுநேரம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். மெஷின் எந்தப் பலகையிலும் படாமல், அவர் கையில் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.