ஏழு நாலு மூணு ரெண்டு

மங்களத்துக்கு அவள் மூத்தாரைக் கண்டாலே ஆகாது. மூத்தார் அர்ச்சுனனுக்கும் அவளைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவன் கார்த்திகேசு. அவளுக்குப் புருஷன், அவனுக்குத் தம்பி.

மலேசியாவில், ஈப்போ பாசார் என்கிற சந்தைக்குப் பின்பக்கம் அர்ச்சுனன் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். கீழே கடை, மேலே வீடு. கார்த்திகேசுவும் அங்கேயே தங்கி அண்ணனுக்குக் கைவேலை செய்தான். அர்ச்சுனன் வாய்க்குத் தாங்காமல் அவன் பெண்டாட்டி என்றோ தாய்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். அந்தப் பங்குத் திட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளத்தான் மங்களம் வந்து வாய்த்தாள் போலிருக்கிறது.

அவள் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பால் வெட்டப் போகமாட்டேன் என்று அப்பனிடம் மல்லுக்கட்டி, எழுபத்து நாலில் கமுந்திங்குக்குப் போய் ஐசி செய்யும் கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், சேர்ந்தாள். அச்சுப் பிரிவில் வேலை. கால் முளைத்த அந்தக் கறுப்புச் சில்லுகளின் முதுகில் மேல்வரியில் பெயரும் எண்ணும், கீழ்வரியில் செய்த தேதியும் குத்தவேண்டும். எண்பத்தைந்தில் ஆட்குறைப்பு வந்தது. வேலை போன கையோடு கல்யாணம். அப்போது அவளுக்கு முப்பது. “முத்தின கத்திரிக்கா” என்று அர்ச்சுனன் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது. மூத்தாரை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். மனசுக்குள் வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

அந்த மந்தமான காலத்தில் புதுச் சாமான் வாங்க அர்ச்சுனனுக்குக் கட்டுப்படியாகவில்லை. செத்துப்போன மிஷின்களின் பலகைகளைப் பழைய இரும்புக்காரனிடம் சாக்கு சாக்காக வாங்கிப்போட்டு, ஐசிகளைக் கழற்றி மைலோ டின்களில் நிரப்பிவைத்தான். பாதிக்கு மேல் முகவரி இல்லாத அனாதைகள். சிலவற்றில் எழுத்து தேய்ந்திருக்கும். சிலவற்றில், வேறு யாரும் பார்த்துச் செய்துவிடக்கூடாது என்று மிஷின்காரனே சுரண்டி எடுத்திருப்பான். அர்ச்சுனன் சாமி படத்தடியிலிருந்து ஒரு சிட்டிகை திருநீற்றை எடுத்து, ஐசியின் முதுகில் தேய்த்து, வாயால் ஊதி, விளக்கடியில் சாய்த்துப் பார்ப்பான். அழிந்துபோன எழுத்து வெள்ளையாகத் தெரியும். முருகனே வந்து சொன்ன மாதிரி எண்ணை உரக்கப் படிப்பான்.

இந்த வேலையைத்தான் மங்களம் கேட்டாள். அந்த மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி, அவ்வளவுதான். கிலாங்கில் சூப்பர்வைசர் தேடிவந்து நிற்கிற அளவுக்கு வேலை செய்தவள், இங்கே குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

“திருநீறு தொடுற வேலை. பொம்பள நீ, உனக்குத் தீட்டு வரும்” என்று அர்ச்சுனன் வாயை அடைத்தான்.

அவள் விடுகிற ஆளா? ஒரு டின்னை மேலே தூக்கிப்போய், குட்டிக்கூரா பவுடரைத் தேய்த்து எண்களைப் படித்து, இனம் இனமாகப் பிரித்துக் கொண்டுவந்து வைத்தாள். கார்த்திகேசு பார்த்துவிட்டுச் சிரித்தான். அர்ச்சுனன் அத்தனையையும் வாரிப் பழைய டின்னிலேயே கொட்டிக் கலக்கினான்.

“பவுடர் பூசுறதுக்கு இது என்ன உன் மூஞ்சியா?”

அன்றைக்கு அவள் குழம்பில் உப்பே போடவில்லை.

அடுத்த வருஷம் சீனப் புத்தாண்டுப் பெருநாள் நெருங்கும்போது, வீடியோ கேம் கடை வைத்திருந்த ஆ கியோங் என்ற சீன முதலாளி, தவுக்கே என்றுதான் கூப்பிடுவார்கள், ஒரு மிஷினை வேனில் போட்டுக் கொண்டுவந்தான். பெருநாளுக்குக் கூட்டம் அலைமோதும். அதற்குள் ஓடவேண்டும்.

“இது ரோசாக் லா, கெட்டுப்போச்சு, அர்ச்சுன். இதை ஓட விடு, என்கிட்ட இருக்கிற மிஷின் எல்லாம் உன் கடைக்குத்தான்” என்றான்.

கடை பிழைக்க இதைவிட்டால் வேறு வழியில்லை என்பது வீட்டிலிருந்த மூன்று பேருக்கும் தெரியும். பிரித்துப் பார்த்தார்கள். 7432 என்ற ஐசி எரிந்துபோயிருந்தது. பினாங்கிலிருந்து வரவழைக்க நேரமில்லை. அர்ச்சுனன் டின் டின்னாகக் கொட்டித் தேடினான். திருநீறு பறந்தது. கடைசியில் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஏழு நாலு மூணு ரெண்டு!” என்று கத்தினான்.

மங்களம் காப்பித் தட்டோடு அப்போதுதான் இறங்கி வந்தாள். தட்டை வைக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தாள். ஐசியின் மேல்பாதி சுரண்டப்பட்டிருந்தது. திருநீறு எடுத்துக்காட்டியது கீழ்வரியை, அதுவும் பொடி எழுத்தில். அவளுக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. அது எண்ணே இல்லை, தேதி. எழுபத்து நாலாம் வருஷத்து முப்பத்திரண்டாம் வாரம். அந்த வாரம் அவளுக்கு மறக்காது. தோட்டத்து மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு லீவு கேட்டு, கிடைக்காமல், அழுதுகொண்டே நாள் முழுக்க இதே நாலு எண்களைக் குத்தியிருந்தாள்.

“மாமா, அது வந்து…”

“காப்பியை வச்சிட்டு மேல போ. முத்திரை குத்துனவ எல்லாம் இஞ்சினியர் ஆயிட முடியாது லா.”

தவுக்கே சிரித்தான். மங்களத்தின் காது மடல் சுட்டது. எரியட்டும் அந்த மிஷின் என்று நினைத்தாள். நினைத்ததும் உடம்பெல்லாம் குளிர்ந்தமாதிரி ஒரு சந்தோஷம். பொய் சொல்வானேன், சந்தோஷமேதான்.

ஈயம் பற்றவைக்கிற கோலைச் சூடாக்கிக்கொண்டிருந்த கார்த்திகேசு நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கடையில் அவளை ஒரு பொருட்டாக நினைத்துக் கேட்கிறவன் அவன் ஒருவன்தான்.

“என்ன மங்களம்? ஏதாச்சும் சொல்லணுமா?”

“ஒண்ணுமில்ல” என்றாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டு ஐசியைப் பொருத்தினான். ஒவ்வொரு காலாகப் பார்த்துப் பார்த்துப் பற்றவைத்தான். அவள் மேலே போகவில்லை, படியிலேயே நின்றாள். அர்ச்சுனன் சுவிட்சைத் தட்டினான். படம் ஒருதரம் வெட்டியது. பிறகு கருகல் நாற்றம், புகை. பக்கத்திலிருந்த பெரிய ஐசியும் சேர்ந்து போய்விட்டது. மிஷின் அதோடு காலி.

தவுக்கே சீனத்திலும் மலாயிலும் வைதுதீர்த்தான். இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்றான். அர்ச்சுனனுக்கு முகம் செத்துப்போயிற்று. ஆனால் அவனா தன் தப்பை ஒத்துக்கொள்கிறவன்? திரும்பித் தம்பியின் கன்னத்தில் பளாரென்று விட்டான்.

“சூட்டை ஏத்திக் கொன்னுட்டியேடா! குட்டிச்சுவரு!”

கார்த்திகேசு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தான்தான் கெடுத்தோம் என்று அவனே நம்பிவிட்டான். தவுக்கேயிடம் கையெடுத்துக் கும்பிட்டு, “மன்னிச்சிக்கோ தவுக்கே, எல்லாம் என் கைதான்” என்றான்.

அதை மங்களத்தால் பார்க்க முடியவில்லை.

“அவரு மேல தப்பில்ல! அது நம்பரே இல்ல, தேதி. செஞ்ச வருஷமும் வாரமும். கிலாங்குல நான்தான் குத்துவேன், எனக்குத் தெரியாதா?”

அர்ச்சுனன் எரிந்த ஐசியைக் குனிந்து பார்த்தான். கார்த்திகேசு அதைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான்.

“நான் கேட்டேன்ல?” என்றான்.

அவள் காப்பித் தட்டை எடுக்கக் குனிந்தாள்.

“அவரு கேக்கல, சரி. நான் கேட்டேன்ல மங்களம்?”

பெருநாள் முடிகிறதுக்குள் கார்த்திகேசு கோலா கங்சாரில் ஒரு மரப்பட்டறையில் வேலை தேடிக்கொண்டான். தங்கலும் அங்கேதான். நானும் வாரேன் என்று அவள் பெட்டியைக் கட்டியபோது, “அங்க இடமில்ல” என்றான். இடம் இருந்தது என்று பின்னால் ஒருவர் மூலம் அவளுக்குத் தெரியவந்தது.

அர்ச்சுனன் ஒருநாள் காலையில் மேசைக்கு முன்னால் இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டான். “உக்காரு. எது தேதி, எது நம்பருன்னு பிரி” என்றான். மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. அவன் திருநீறு தேய்ப்பான், இவள் பவுடர் தேய்ப்பாள். நாள் முழுக்க ஒருவரை ஒருவர் கரித்துக்கொட்டிக்கொண்டே வேலை பார்த்தார்கள். கடை எப்படியோ தட்டுத்தடுமாறி ஓடியது.

தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் கார்த்திகேசு வருவான். தன்னை அறைந்த அண்ணனோடு உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, எதையாவது சொல்லிச் சிரிப்பான். அவளிடம் முகம் சுளித்ததில்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. சோறு போட்டால் சாப்பிடுவான், புதுச் சேலை எடுத்துவந்து கொடுப்பான். ஆனால் நல்லதோ கெட்டதோ, அதற்குப் பிறகு ஒருதரம்கூட அவளிடம் அவன் எதையும் கேட்டதில்லை.